எய்தவன் இருக்க அம்பை நோவதா?



அண்மையில் எங்கள் பள்ளி மண்டபத்தில் ஒரு தன்முனைப்பு நிகழ்ச்சி நடந்தது. அழைக்கப்பட்டிருந்த பேச்சாளர் நல்ல நாவன்மை உடையவர். மாணவர்களும் பெற்றோர்களும் நிறைந்திருந்த அவையில், அவர் திரையில் இரண்டே வரிகளைக் காட்டினார். 1997: 92 வெற்றி, உலக வாகையர். 1998: 54 வெற்றி, கடைசி இடம். புளோரிடா மார்லின்ஸ் என்னும் அமெரிக்க அடிபந்துக் குழுவின் கணக்கு அது. பேஸ்பால் என்று நாம் சொல்வோமே, அந்த ஆட்டம். "ஏன் விழுந்தார்கள் தெரியுமா?" என்று கேட்டுச் சற்று நிறுத்தினார். பிறகு ஒரே சொல்லில் விடை சொன்னார்: "தலைக்கனம்!"

மண்டபம் கைதட்டியது. பேச்சாளர் அத்தோடு விடவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் பள்ளி மகளிர் கால்பந்துக் குழுவைச் சுட்டிக்காட்டி, "சென்ற ஆண்டு மாவட்ட வாகையர், இந்த ஆண்டு முதல் சுற்றிலேயே தோல்வி. நீங்களும் மார்லின்ஸ்தானே?" என்றார். பெற்றோர் சிலர் தலையசைத்தனர். ஆசிரியர் சிலரும் தலையசைத்தனர். அந்தக் குழுவின் கோல்காவல் மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அப்போது எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. விருந்தினரை அவையில் மறுத்துப் பேசுவது முறையன்று என்று வாயடைத்து இருந்துவிட்டேன். அந்த மௌனத்திற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். பேச்சாளர் காட்டிய எண்கள் இரண்டும் சரி. அவர் சொன்ன காரணம் தவறு. சாதாரணத் தவறன்று, குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, அடிபட்டவரைக் குற்றவாளியாக்கும் தவறு.

எனக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரியும்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், உடற்கல்விப் பாடத்திற்காக எங்களுக்கு மென்பந்து கற்பித்தார்கள். அதுவரை கையால் பந்தைத் தொடும் ஆட்டமென்றால் எனக்குக் கைப்பந்து மட்டுமே. மென்பந்தின் விதிகளை மனப்பாடம் செய்வதற்காக, நூலகத்தில் கிடந்த பழைய அமெரிக்க விளையாட்டு இதழ்களைப் புரட்டத் தொடங்கினேன். மென்பந்தின் மூத்த உறவு அடிபந்து. அப்படித்தான் மார்லின்ஸ் குழுவின் கதை என் கண்ணில் பட்டது. அன்று முதல் இன்றுவரை அந்தக் கதை என்னை விட்டுப் போகவில்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை அது. ஆனால் பேச்சாளர் சொன்ன காரணத்துக்காக அன்று.

நான்கு ஆண்டுத் தோல்வியும் ஓர் இரவு வெற்றியும்

மார்லின்ஸ் குழு 1993ஆம் ஆண்டில்தான் தேசிய லீக்கில் சேர்ந்தது. அந்நாளில் மயாமி நகரை ஒட்டிய பகுதியே அதன் தாயகமாக இருந்தது. அடிபந்தில் ஒரு பருவம் என்பது 162 ஆட்டங்கள். முதல் ஆண்டில் 64 வெற்றி, 98 தோல்வி. ஆயினும் புதிய குழுவைப் பார்க்க அந்த ஆண்டில் மூன்று மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் அரங்கிற்கு வந்தார்கள். 1996இல் 80 வெற்றி, 82 தோல்வி. அதுவரை ஒருமுறைகூட வெற்றிகள் தோல்விகளை விஞ்சியதில்லை.

1996ஆம் ஆண்டின் இறுதியில் உரிமையாளர் வெய்ன் ஹைசெங்கா பணப்பையைத் திறந்தார். பிளாக்பஸ்டர் என்னும் ஒளிப்படப் பேழை வாடகைக் கடைகளைப் பெருக்கிப் பெருஞ்செல்வரானவர் அவர். ஏறத்தாழ 89 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களில் புதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். மொய்செஸ் அலூ, பாபி பொனியா, அலெக்ஸ் பெர்னாண்டஸ் ஆகியோர் வந்தார்கள். கெவின் பிரவுன், அல் லைட்டர், கேரி ஷெஃபீல்டு, ராப் நென் ஆகியோர் முன்பே இருந்தார்கள். பயிற்றுநராக ஜிம் லேலண்டு வந்தார்.

1997இல் அந்தக் குழு 92 ஆட்டங்களில் வென்றது. தன் பிரிவில் முதலிடம்கூட இல்லை. அட்லாண்டா பிரேவ்ஸ் 101 வெற்றிகளோடு முன்னே நின்றது. எஞ்சிய குழுக்களில் சிறந்தது என்ற முறையில்தான் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. நுழைந்தபின் சான் பிரான்சிஸ்கோவை வென்றது. அதே அட்லாண்டாவையும் வென்றது. உலகத் தொடரில் கிளீவ்லாந்தைச் சந்தித்தது.

1997 அக்டோபர் 26. ஏழாவது ஆட்டம். அரங்கில் 67,000க்கும் மேற்பட்டோர். ஒன்பதாம் சுற்றின் இறுதிப் பாதியில் மார்லின்ஸ் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. கிரேக் கவுன்செல் தூக்கி அடித்த பந்து பிடிபட்டது. ஆனால் அது பிடிபட்டதும் மூன்றாம் தளத்திலிருந்தவர் ஓடி வந்து சேர்ந்தார். சமநிலை. பதினொன்றாம் சுற்றில், கொலம்பியா நாட்டிலிருந்து வந்த இளைஞர் எட்கர் ரென்டெரியா பந்தை நேராக நடுவில் அடித்தார். அதே கவுன்செல் கைகளை உயர்த்தியவாறு வீட்டுத்தளத்தை மிதித்தார். மூன்றுக்கு இரண்டு. பிறந்து ஐந்தே பருவங்கள் ஆன குழு உலக வாகை சூடியது.

தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர் லிவான் ஹெர்னாண்டஸ். இருபத்திரண்டு அகவை. 1995இல் கியூபாவிலிருந்து தப்பி வந்தவர். தாய்நாட்டில் விட்டு வந்த தாயைக் காணாமல் தவித்தவர். அந்த ஏழாவது ஆட்டத்தன்று அவர் தாய் கியூபாவிலிருந்து அனுமதி பெற்று வந்து அரங்கில் இருந்தார். ஓர் ஊர் இதைவிட எதைக் கேட்கும்?

பதினாறு நாள்களில் தொடங்கிய விற்பனை

இனித்தான் பேச்சாளர் சொல்லாமல் விட்ட பகுதி வருகிறது. பெற்றோர்கள் அருள்கூர்ந்து நாள்களைக் கவனியுங்கள்.

வெற்றிக்கு முன்பே, 1997 ஜூன் மாதத்திலேயே, குழுவை விற்கப்போவதாக உரிமையாளர் அறிவித்திருந்தார். புதிய அரங்கத்தைப் பொதுப்பணத்தில் கட்டித் தரவில்லை என்பது அவர் குறை. அந்தப் பருவத்தில் ஏறத்தாழ 34 மில்லியன் டாலர் இழப்பு என்று கணக்குச் சொன்னார்.

கோப்பை வென்ற பதினாறாம் நாள், நவம்பர் 11, மொய்செஸ் அலூ ஹியூஸ்டனுக்குப் போனார். அதே மாதத்தில் ராப் நென் சான் பிரான்சிஸ்கோவுக்கும், டெவன் வைட் அரிசோனாவுக்கும், முதல் ஆண்டு முதல் குழுவோடு இருந்த ஜெஃப் கொனைன் கான்சஸ் சிட்டிக்கும் போனார்கள். டிசம்பரில் தலைமைப் பந்தெறியாளர் கெவின் பிரவுன் சான் டியேகோவுக்கு. 1998 பிப்ரவரியில் அல் லைட்டர் நியூயார்க்குக்கு. அலெக்ஸ் பெர்னாண்டசோ தோள்பட்டைக் காயத்தால் 1998 முழுவதும் ஆடவே இயலவில்லை.

பருவம் தொடங்கிய பின்னும் விற்பனை நிற்கவில்லை. மே மாத நடுவில் ஷெஃபீல்டு, பொனியா, பந்து பிடிப்பவரான சார்ல்ஸ் ஜான்சன், ஐசன்ரைக் ஆகியோர் ஒரே மூச்சில் லாஸ் ஏஞ்சல்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு மாற்றாக மைக் பியாட்சா வந்தார். அக்காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் அவர். மார்லின்ஸ் சீருடையில் அவர் எத்தனை ஆட்டங்கள் ஆடினார் தெரியுமா? ஐந்து. ஒரு வாரத்தில் அவரையும் நியூயார்க்குக்கு விற்றுவிட்டார்கள்.

வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து விற்றுவிட்டு, கூரை விழுந்ததும், "இந்தக் கூரைக்குத் தலைக்கனம்" என்று சொன்னால், கேட்பவர் சிரிக்க மாட்டார்களா? ஆனால் மண்டபத்தில் நாம் சிரிக்கவில்லை. கைதட்டினோம்.

போனவர்கள் என்ன ஆனார்கள்?

பேச்சாளரின் கூற்றைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கோப்பை வென்ற மயக்கத்தில் ஆட்டக்காரர்களுக்குத் தலை கனத்துப் போயிருந்தால், அந்தக் கனம் அவர்கள் போன இடத்திற்கும் கூடவே போயிருக்க வேண்டும் அல்லவா? போயிற்றா என்று பார்ப்போம்.

ஹியூஸ்டனுக்குப் போன அலூ 1998இல் 38 முறை பந்தை எல்லை தாண்டி அடித்தார். 124 ஓட்டங்கள் சேர அவர் அடி காரணமாயிற்று. ஹியூஸ்டன் 102 ஆட்டங்களில் வென்றது. சான் டியேகோவுக்குப் போன பிரவுன் 18 ஆட்டங்களை வென்று கொடுத்து ஏழில் மட்டுமே தோற்றார். அந்தக் குழு அதே ஆண்டில் உலகத் தொடர்வரை சென்றது. நியூயார்க்குக்குப் போன லைட்டர் 17 வெற்றி, 6 தோல்வி. சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன நென், இறுதிக் கட்டத்தில் பந்தெறிந்து 40 வெற்றிகளைக் காத்துக் கொடுத்தார்.

அதே ஆட்டக்காரர்கள். அதே ஆண்டு. வாழ்நாளின் சிறந்த பருவங்களுள் ஒன்றாக அதைச் சிலர் ஆக்கிக் காட்டினார்கள். தலைக்கனம் எங்கே? சோம்பல் எங்கே? வென்றவர்கள் வென்றுகொண்டேதான் இருந்தார்கள். வேறு ஊர்களில், வேறு சீருடைகளில். அவர்களை அனுப்பிவிட்ட இடத்தில்தான் தோல்வி நின்றது.

இந்த ஒரு பத்தியைப் பேச்சாளர் படித்திருந்தால் அந்தப் படவில்லையைத் தயாரித்திருக்க மாட்டார். படிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நம் பிள்ளைகள் முன்னால் பேச வருபவரிடம் பத்து நிமிட உழைப்பை எதிர்பார்ப்பது மிகையா?

இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

1998 பருவத்தின் தொடக்கத்திலேயே மார்லின்ஸ் தொடர்ந்து 11 ஆட்டங்களில் தோற்றது. முடிவில் 54 வெற்றி, 108 தோல்வி. பிரிவில் முதலிடம் பெற்ற அட்லாண்டாவைவிட 52 வெற்றிகள் குறைவு. உலக வாகை சூடிய குழு அடுத்த ஆண்டே நூறு ஆட்டங்களில் தோற்றது வரலாற்றில் அதுவே முதல்முறை.

ஆனால் அந்த 162 ஆட்டங்களையும் யாரோ சிலர் ஆடத்தானே செய்தார்கள்? டெரெக் லீ, மார்க் கோட்சே போன்ற இருபத்திரண்டு அகவை இளைஞர்கள், தேறுவதற்கு முன்பே களத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவனை அழைத்து ஐந்தாம் படிவத் தேர்வில் உட்கார வைத்தாற்போல. முந்திய ஆண்டு நாயகன் ஹெர்னாண்டஸ், தாங்கும் தூண்கள் ஏதுமின்றி, 230க்கும் மேற்பட்ட சுற்றுகள் பந்தெறிந்தார். 10 வெற்றி, 12 தோல்வி. ரென்டெரியா 41 தளங்களைத் திருடினார். கிளிஃப் ஃபிளாய்டு 22 முறை எல்லை தாண்டி அடித்தார். கை ஓய்ந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு இதுவன்று.

பயிற்றுநர் லேலண்டை நினைக்கும்போதெல்லாம் நான் ஓர் ஆசிரியரையே நினைக்கிறேன். வெற்றிக் குழுவைக் கையில் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டார்கள். இடையில் ஓடிவிடாமல், அந்த இளைஞர்களுக்குக் கற்பித்தவாறு 108 தோல்விகளையும் உட்கார்ந்து பார்த்தார். பருவம் முடிந்த பிறகே விலகினார். பின்னாளில் டெட்ராய்ட் குழுவை 2006, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார். 2024இல் அடிபந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. பேச்சாளரின் அளவுகோலால் அளந்தால் அவர் 108 முறை தோற்ற மனிதர். அவ்வளவுதான்.

வரக்கூடிய மறுப்புகள்

"உரிமையாளர் பணத்தை இழந்தார்; தம் பொருளை விற்க அவருக்கு உரிமையில்லையா?" என்று சிலர் கேட்கலாம். சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அந்த இழப்புக் கணக்கே ஐயத்திற்குரியது. பொருளியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் 1998இல் அதை ஆராய்ந்து எழுதினார். ஆட்டங்கள் நடந்த அரங்கமும் அதே உரிமையாளருடையது. அரங்கின் வருவாயை வேறு ஏட்டில் எழுதிவிட்டு, செலவை மட்டும் குழுவின் ஏட்டில் எழுதினால் இழப்புத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழு ஈட்டியது இலாபமே என்பது அவர் வாதம். 95 மில்லியன் டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தித் தொடங்கிய குழுவை, அந்த மோசமான பருவத்திற்குப் பிறகும், ஏறத்தாழ 150 மில்லியனுக்கு விற்றார் ஹைசெங்கா. உண்மையில் இழந்தவர் யார்? 1997இல் 2.3 மில்லியனுக்கும் மேற்பட்டோர் வந்த அரங்கிற்கு 1998இல் வந்தோர் 1.7 மில்லியன் அளவே. வெற்றி பெற்ற ஆண்டிற்கு அடுத்த ஆண்டில் கூட்டம் கூடுவதே வழக்கம். இங்கே குறைந்தது.

"2003இல் மீண்டும் வாகை சூடினார்களே! கலைத்ததால்தானே அந்த வெற்றி?" இது வலுவான மறுப்பு, தட்டிக் கழிக்க மாட்டேன். பிரவுனைக் கொடுத்து வாங்கிய டெரெக் லீ அந்த 2003 குழுவில் இருந்தார். 1998இன் தோல்வியால் கிடைத்த முன்னுரிமையைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோஷ் பெக்கெட், நியூயார்க் யாங்கீஸ் குழுவை அதன் சொந்த அரங்கிலேயே ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் முடக்கிக் கோப்பையைக் கொண்டுவந்தார். மறுக்கவில்லை. ஆனால் அந்த 2003ஆம் ஆண்டில்கூடப் பருவம் முழுவதும் அரங்கிற்கு வந்தோர் 1.3 மில்லியன் அளவே. 1998இல் வந்ததைவிடவும் குறைவு. கோப்பை திரும்பி வந்தது. நம்பிக்கை திரும்பி வரவில்லை. ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுமுறை கை நீட்டுமுன் யோசிக்கும். அந்த ஊரின் யோசனை வீணும் அன்று. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அதே பெக்கெட்டும் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார்.

"வென்றவர்களுக்குத் தலைக்கனம் வருவதே இல்லையா?" வரும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நிற்பவனுக்கு அது தெரியாதா? ஆனால் அதை முதற்காரணமாகச் சொல்லுமுன் வேறொன்றைப் பார்க்க வேண்டும். வென்றவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா? யாங்கீஸ் 1998இல் 114 ஆட்டங்களில் வென்று வாகை சூடியது. ஜீட்டர், ரிவேரா, வில்லியம்ஸ், பெட்டிட், பொசாடா ஆகியோரைத் தக்கவைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வெற்றிகள் 98ஆகக் குறைந்தன, ஆயினும் மீண்டும் வாகை, 2000இலும் வாகை. பணக்காரக் குழுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெற்றி ஒருவனைக் கெடுத்துவிடும் என்பது விதியானால், பணக்காரனை மட்டும் அது ஏன் விட்டுவைத்தது?

மறுபுறம் பாருங்கள். 1914இல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் குழு 99 வெற்றிகளோடு அமெரிக்க லீக்கில் முதலிடம் பெற்றது. உலகத் தொடரில் தோற்றதும், ஊதியம் கட்டுப்படியாகாது என்று கருதிய கோனி மேக் தம் சிறந்த ஆட்டக்காரர்களைக் கைவிட்டார். 1915இல் 43 வெற்றி, 109 தோல்வி. அதிலிருந்து தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம். மார்லின்சுக்கு எண்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடந்த அதே கதை. அங்கேயும் யாரோ ஒருவர் மேடையேறித் தலைக்கனம் என்று சொல்லியிருக்கக்கூடும்.

இனி நம் மண்டபத்திற்கு வருவோம்

எங்கள் மகளிர் குழுவின் கணக்கை இப்போது சொல்கிறேன். வாகை சூடிய பதினோரு பேரில் எழுவர் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பயிற்சி கொடுத்த ஆசிரியைக்கு ஆண்டுத் தொடக்கத்தில் இடமாற்றம். தோட்டப்புறப் பிள்ளைகளை மாலைப் பயிற்சி முடிந்து வீடு சேர்க்கும் வேனுக்கு நிதியில்லை என்று நிறுத்தினோம். வாரம் மூன்று நாள் பயிற்சி ஒரு நாளாயிற்று. அந்த ஒரு நாளிலும் பாதிப் பேர் வர வழியில்லை.

நிதி ஏன் இல்லை? வெற்றியைக் கொண்டாட ஒரு பாராட்டு விழா எடுத்தோம். பள்ளி வாசலில் பெரிய பதாகை, பிரமுகர்களுக்குப் பொன்னாடை, மாலை, விருந்து. வேன் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்த பணம் அதில் கரைந்தது. அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். ஹைசெங்காவைத் திட்டுவது எளிது. அவர் கடல் கடந்து இருந்தவர், 2018இல் காலமாகிவிட்டார். அந்தக் கூட்டத்தில் உயர்ந்த என் கையை நான் என்ன செய்வது?

அந்தக் கோல்காவல் மாணவியைப் பற்றி ஒரு செய்தி. சென்ற ஆண்டுக் குழுவில் எஞ்சிய நால்வருள் அவளும் ஒருத்தி. இவ்வாண்டு முதல் சுற்றில் அவள் தடுத்த பந்துகள் பல. ஓடி ஓய்ந்த தற்காப்பு வரிசையைத் தாண்டி வந்தவை ஐந்து. தன்முனைப்பு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை, தன் சட்டையைத் துவைத்து மடித்து என் மேசையில் வைத்தாள். "எனக்குத் தலைக்கனம் இல்லைங்க சார்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பதினோரு வயதுப் பிள்ளை தன் மீது சுமத்தப்பட்ட குற்றத்தை மறுக்க மேசை தேடி வந்து நிற்கிறாள். சுமத்திய பெரியவர்களோ அடுத்த நிகழ்ச்சிக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. ஒரு குழுவோ ஒரு வகுப்போ ஒரு பள்ளியோ சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு தாழ்ந்தால், பிள்ளைகளின் குணத்தைப் பற்றி வாய் திறக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். வென்றவர்களுள் இன்னும் இருப்பவர் எத்தனை பேர்? அவர்களுக்குக் கற்பித்தவர் இன்னும் இருக்கிறாரா? சென்ற ஆண்டு அவர்களுக்குக் கொடுத்தவற்றுள் எதையெதை நாம் நிறுத்திவிட்டோம்? மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னும் பிள்ளைகள்மேல் குற்றம் எஞ்சியிருந்தால், அப்போது கண்டியுங்கள். நானும் உடன் நிற்கிறேன். பெரும்பாலும் எஞ்சாது.

நிருவாகத்திடமும் கேட்கிறேன். வாகை சூடிய மறுநாள் பதாகைக்கு விலை கேட்காதீர்கள். அடுத்த ஆண்டு வேனுக்கு விலை கேளுங்கள். பாராட்டு விழா ஓர் இரவில் முடிந்துவிடும். வேன் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும்.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வேன் கட்டணத்தை மீண்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் மாதக் கட்டணத்தை என் சம்பளத்திலிருந்து தருவதாகவும் எழுதியுள்ளேன். அது கொடை அன்று. உயர்த்திய கைக்குக் கட்டும் தண்டம்.

அந்தச் சட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. வேன் ஓடத் தொடங்கிய நாளில் கொடுப்பேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்